டாக்ஸோபிளாஸ்மா பாசிட்டிவ் என்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது: எப்போது?

கர்ப்பம் உறுதியான கையோடு எடுக்கிற ரத்தப் பரிசோதனைகளில் சில இடங்களில் டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. கைபேசியில் தேடிப் பார்த்தால் குழந்தைக்குப் பார்வை போகும், தலை வீங்கும், மூளை பாதிக்கும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். பூனை வளர்க்கிற வீடாக இருந்தால் மறுநாள் காலையில் பூனை வெளியே. கர்ப்பத்தைத் தொடரலாமா என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டவர்களும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பயம் தேவையே இல்லை, பயப்பட வேண்டிய ஒரு சிலருக்கோ நேரத்தோடு விஷயம் எட்டுவதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

டாக்ஸோபிளாஸ்மா காண்டி என்பது ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மலேரியா கிருமிக்குத் தூரத்து உறவு. 1908இல் துனிஸ் நகரத்தின் பாஸ்டர் ஆய்வகத்தில் சார்ல் நிக்கோலும் லூயி மான்சோவும் குண்டி எனப்படும் ஒரு வட ஆப்பிரிக்கக் கொறிவிலங்கின் உடலில் இதைக் கண்டார்கள், அதே ஆண்டில் பிரேசிலில் அல்ஃபோன்சோ ஸ்ப்ளெண்டோரே ஒரு முயலில் கண்டார். வில் போல வளைந்திருந்ததால் வில்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து டாக்ஸோ என்ற முன்பாதி வந்தது. மனிதர்களுக்கு இதனால் என்ன ஆகும் என்பது தெளிவாக இன்னும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1930களின் கடைசியில் நியூயார்க்கில், பிறந்த மூன்றாம் நாளே வலிப்பு வந்து ஒரு மாதத்தில் இறந்துபோன ஒரு பெண் குழந்தையின் மூளையிலும் கண்ணிலும் இந்தக் கிருமி இருந்ததைப் பார்த்த பிறகுதான், தாயின் வயிற்றிலேயே குழந்தைக்குத் தொற்றுகிறது என்பது உறுதியானது.

இன்று உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உடலில் இது இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது, தெரியாமலே முழு ஆயுளும் வாழ்ந்துவிடுவார்கள். அப்படியானால் ஒரு பாசிட்டிவ் ரிப்போர்ட்டுக்கு என்ன பொருள்? உடம்பில் இருக்கிறது என்பதோடு அது நிற்கிறது. எப்போது வந்தது என்பது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் பேச முடியும்.

அதற்கு இந்தக் கிருமி எப்படி வாழ்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். இது இனப்பெருக்கச் சுற்றை முழுதாக முடிக்கிற ஒரே இடம் பூனைக் குடும்பத்தின் குடல். பூனை ஓர் எலியையோ பச்சை இறைச்சியையோ தின்கிறது, அதில் இருக்கும் கிருமி குடலில் பெருகி, சில நாட்களில் கெட்டியான ஓடு போட்ட முட்டை போன்ற வடிவில் மலத்தோடு வெளியே வருகிறது. ஒரு பூனை இப்படிக் கோடிக்கணக்கில் வெளியேற்றக் கூடும், ஆனால் அது ஒன்றிரண்டு வாரம், மிஞ்சிப்போனால் மூன்று வாரம்தான். பெரும்பாலும் குட்டியாக இருந்து முதன்முதலாக வேட்டையாடத் தொடங்கும் காலத்தில், வாழ்க்கையில் ஒரு தடவை. அதன் பிறகு பூனைக்கே எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அப்போதுதான் வெளியேறிய மலத்தில் இருக்கும் முட்டைகளுக்குத் தொற்றும் திறன் கிடையாது. வெளியே காற்றும் ஈரமும் பட்டு முதிர ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். பூனையின் மணல் தட்டை அன்றன்றைக்கே சுத்தம் செய்யுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான், அது வெறும் சுகாதார அறிவுரை இல்லை, கிருமி முதிர்வதற்குள் அதை அப்புறப்படுத்துகிற கணக்கு.

ஆக, மடியில் படுத்திருக்கும் பூனையைத் தடவியதால் இது வந்துவிடும் என்பது அநேகமாக நடக்காத காரியம். பூனை தன் உடம்பை நக்கி நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், முட்டை முதிரும் வரை ரோமத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்புக் குறைவு. வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, எலி பிடிக்காமல், சமைத்த உணவோ கடையில் விற்கும் பூனைத் தீனியோ மட்டும் சாப்பிடும் பூனைக்குக் கிருமி வருவதற்கே வழி குறைவு. வீட்டுப் பூனையைக் கொண்டுபோய்த் தெருவில் விடுவதில் எனக்கு இரட்டை வருத்தம். அந்த ஜீவன் பசியில் எலி தின்னத் தொடங்கும், அப்போதுதான் அது நிஜமாகவே கிருமி பரப்பக்கூடிய பூனையாக மாறும்.

சரி, மனிதர்களுக்கு எப்படித்தான் வருகிறது? ஒன்று இறைச்சி. ஆடு, பன்றி, மாடு, மான் என்று எந்த விலங்கு அந்த முட்டையை மண்ணிலிருந்தோ புல்லிலிருந்தோ விழுங்கினாலும், கிருமி அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளாக உறைந்து தங்கிவிடும். அந்த இறைச்சியை அரைவேக்காடாகச் சாப்பிட்டால் நமக்கு. 1965இல் பாரிஸில் ஜார்ஜ் தெமோன்ட்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. காசநோய் விடுதி ஒன்றில் இருந்த குழந்தைகளுக்கு அக்கால வழக்கப்படி சத்துக்காக அரைவேக்காட்டு மாட்டிறைச்சியும் குதிரை இறைச்சியும் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 10 சதவீதமாக இருந்த புதிய தொற்று 50 சதவீதம் ஆனது. அதோடு சரியாக வேகாத ஆட்டிறைச்சியும் சேர்ந்தபோது அது 100 சதவீதத்தைத் தொட்டது.

இரண்டாவது வழி மண்ணும் தண்ணீரும். முதிர்ந்த முட்டை ஈரமான மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். தோட்ட வேலை செய்த கை, சரியாகக் கழுவாத கீரை, கொதிக்க வைக்காத ஆற்று நீர், இவை வழியாக வாய்க்குள் போகும். குடிநீரில் கலக்கும் குளோரின் இதை ஒன்றும் செய்வதில்லை. 1995இல் கனடாவின் விக்டோரியா நகரத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது, விசாரித்தபோது நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிப் பக்கம்தான் கை காட்டியது. பூனைகளும், பூமா எனப்படும் பெரிய காட்டுப் பூனைகளும் அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் நடமாடியிருந்தன. ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2000இல் வெளியான ஓர் ஆய்வில், தொற்றுகளில் 30 முதல் 63 சதவீதம் வரை சரியாக வேகாத இறைச்சியின் கணக்கில் வந்தது, மண் 6 முதல் 17 சதவீதம். பூனையோடு பழகுவது தனியாக ஓர் ஆபத்துக் காரணமாகவே தெரியவில்லை. பூனையைத் துரத்திவிட்டு அரைவேக்காட்டு இறைச்சியைத் தொடர்கிற வீட்டில் ஆபத்து அப்படியே இருக்கிறது, பூனைதான் இல்லை.

உடம்புக்குள் போனதும் கிருமி வேகமாகப் பெருகி ரத்தத்தோடு எல்லா உறுப்புக்கும் பரவும். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. சிலருக்குக் கழுத்தில் நெரிகட்டும், லேசான காய்ச்சல், உடம்பு வலி, அசதி, சாதாரண ஃப்ளூ மாதிரி வந்து சில வாரங்களில் போய்விடும். உடம்பு அதை அடக்கிவிடுகிறது, ஆனால் ஒழிப்பதில்லை. மூளையிலும் தசையிலும் கண்ணிலும் அது சிறு பைகளாகச் சுருண்டு உறங்கத் தொடங்கும், அப்புறம் வாழ்நாள் முழுக்க அங்கேயேதான். ஆரோக்கியமான ஆளுக்கு இந்தக் கட்டத்தில் மருந்தும் வேண்டாம்.

கர்ப்பத்துக்கு வருவோம், குழப்பம் அதிகம் இங்கேதான். குழந்தைக்குத் தொற்றுவது ஏறக்குறைய எப்போதுமே, தாய்க்குக் கர்ப்ப காலத்தில், அல்லது அதற்குச் சற்று முன்னால், முதன்முறையாகத் தொற்று வந்தால்தான். ஐந்து ஆண்டுக்கு முன்போ சிறு வயதிலோ வந்து போயிருந்தால் தாயின் எதிர்ப்புச் சக்தியே குழந்தைக்கும் கவசம், கடுமையான எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருப்பவர்கள் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே பழைய தொற்று இருப்பதாகக் காட்டும் ரிப்போர்ட் உண்மையில் ஒரு நல்ல செய்தி. பல தடவை கருச்சிதைவு ஆன பெண்களிடம் இந்த டெஸ்ட்டை எடுக்கச் சொல்லி, பழைய தொற்றைப் பார்த்து இதுதான் காரணம் என்று மாதக்கணக்கில் மாத்திரை எழுதுவதும் நடக்கிறது. முதல் தொற்று ஒரு கருவைப் பாதிக்கக் கூடும், உண்மைதான், ஆனால் ஆறிப்போன பழைய தொற்று அடுத்தடுத்து ஒவ்வொரு கருவையும் கலைக்கும் என்பதற்கு அடிப்படை இல்லை. ஏற்கெனவே நொந்து போயிருக்கும் ஒரு பெண்ணின் தலையில் இந்தப் பழியையும் ஏற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். அதில் வழக்கமாக இரண்டு வரிகள் இருக்கும், ஐஜிஜி, ஐஜிஎம். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் இரண்டு வகை எதிர்ப்புப் பொருள்கள் இவை. ஐஜிஜி என்பது ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் ரத்தத்தில் இருக்கும் நினைவுக் குறிப்பு மாதிரி. ஐஜிஎம் முதல் வாரத்திலேயே எழும், வழக்கமாகச் சில மாதங்களில் அடங்கும். இரண்டும் நெகட்டிவ் என்றால் இதுவரை தொற்று வந்ததில்லை, கவசமும் இல்லை, கர்ப்பம் முடியும் வரை கவனமாக இருக்க வேண்டும். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் பழைய தொற்று, கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த ரத்தம் என்றால் நிம்மதியாக இருக்கலாம். இரண்டுமே பாசிட்டிவ் என்றால்தான் சிக்கல். இப்போதுதான் வந்தது என்று உடனே முடிவு கட்டிவிடுவார்கள், ஆனால் ஐஜிஎம் சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் மறையாமல் நிற்கும், சில டெஸ்ட் கிட்டுகளில் தொற்றே இல்லாமலும் பாசிட்டிவ் காட்டும். ஒரே ஓர் ஐஜிஎம் முடிவை வைத்துக் கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இந்த வாக்கியத்தை யாராவது ஒருவர் சரியான நேரத்தில் நினைவுபடுத்திக்கொண்டாலும் எனக்குப் போதும்.

அடுத்து கேட்க வேண்டியது அவிடிட்டி என்ற பரிசோதனை. ஐஜிஜி எவ்வளவு இறுக்கமாகக் கிருமியைப் பற்றிக்கொள்கிறது என்று அது அளக்கிறது. புதிய எதிர்ப்புப் பொருள் தளர்வாகப் பிடிக்கும், மாதங்கள் போகப் போகப் பிடி இறுகும். பிடி இறுக்கமாக, அதாவது அவிடிட்டி அதிகமாக இருந்தால், தொற்று வந்து குறைந்தது மூன்று நான்கு மாதங்கள் ஆகிவிட்டது என்று பொருள். பத்தாவது வாரத்தில் எடுத்த ரத்தத்தில் அப்படி இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே வந்த தொற்று, கதை அங்கேயே முடிகிறது. ஆனால் பிடி தளர்வாக இருந்தால் அது புதிய தொற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சிலருக்கு இறுகவே நிறைய மாதங்கள் ஆகும். அப்போது இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, முதல் மாதிரியோடு ஒரே ஆய்வகத்தில் ஒரே நேரத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஐஜிஜி அளவு சட்டென்று ஏறியிருந்தால்தான் புதியது என்ற சந்தேகம் வலுக்கும்.

நிஜமாகவே கர்ப்ப காலத்தில் வந்திருந்தால்? அப்போதும் எந்த வாரத்தில் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். பிரான்சின் லியோன் நகரத்தில் 603 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியிட்ட கணக்கு இது, அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை எடுத்தவர்கள். 13ஆம் வாரத்தில் தாய்க்குத் தொற்றினால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 6 சதவீதம், 26ஆம் வாரத்தில் 40, 36ஆம் வாரத்தில் 72. நாள் ஆக ஆக நஞ்சுக்கொடி வழியாகக் கிருமி எளிதாகக் கடக்கிறது. ஆனால் பாதிப்பின் கடுமை நேரெதிர்த் திசையில் போகிறது: தொற்றிய குழந்தைகளில் அறிகுறி தெரிந்தவர்கள் 13ஆம் வாரத்துக்கு 61 சதவீதம், 26க்கு 25, 36க்கு வெறும் 9. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் எந்த வாரமானாலும் பாதிப்போடு பிறக்கும் வாய்ப்பு பத்து சதவீதத்தைத் தாண்டுவதில்லை. தொடக்கத்தில் வந்தால் அபூர்வம், ஆனால் கடுமை. கடைசியில் வந்தால் அடிக்கடி, ஆனால் பிறக்கும்போது குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். அந்தக் குழந்தையைத்தான் விட்டுவிடுகிறோம். ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும்போதுதான் விழித்திரையில் தழும்பு இருப்பது தெரியவருகிறது.

சிகிச்சை இப்படிப் போகும். கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய்க்குப் புதிய தொற்று என்று சந்தேகம் வந்தால் ஸ்பைராமைசின் கொடுப்பார்கள். அது நஞ்சுக்கொடியில் நன்றாகச் சேர்ந்து கிருமி குழந்தைக்குப் போவதைக் குறைக்கும் என்பது எதிர்பார்ப்பு, ஆனால் குழந்தைக்கே போய்விட்ட கிருமிக்கு அது போதாது. 18 வாரம் தாண்டிய பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பிசிஆர் செய்து பார்ப்பார்கள், அல்ட்ராசவுண்டும் கூடவே நடக்கும். குழந்தைக்குத் தொற்று உறுதியானால் மருந்து மாறும்: பைரிமெத்தமின், சல்ஃபாடயசின், இவற்றோடு ஃபோலினிக் அமிலம். முதல் மூன்று மாதத்தில் பைரிமெத்தமின் கொடுப்பதில்லை, கருவுக்குக் கெடுதல். ஃபோலினிக் அமிலம் என்பதைக் கவனித்துப் படியுங்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் சாப்பிடும் ஃபோலிக் அமிலம் வேறு. பைரிமெத்தமின் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்த அணுக்களைக் குறைத்துவிடும், அதைத் தடுக்கத்தான் ஃபோலினிக். இரண்டின் பெயரும் ஒன்றுபோல இருப்பதால் மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. வாரம் ஒருமுறை ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும், சல்ஃபாவுக்கு ஒவ்வாமை உண்டா என்று முன்பே சொல்ல வேண்டும், சிறுநீரகத்தில் கல் படியாமல் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தொற்றோடு பிறந்த குழந்தைக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும், இதே மருந்துகளை வழக்கமாக ஓராண்டு கொடுக்கிறார்கள், அதன் பிறகும் பல ஆண்டுகள் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பிறவித் தொற்று உள்ளவர்களுக்கு மட்டும் வருவதில்லை, பெரியவர்களாகித் தொற்றியவர்களுக்கும் வரும். கண் முன்னால் கறுப்புப் புள்ளிகளும் நூல்களும் மிதக்கும், பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். மருத்துவர் உள்ளே பார்த்தால் விழித்திரையில் ஒரு பழைய கருந்தழும்பு, அதன் ஓரத்தில் ஒட்டினாற்போலப் புதிதாக ஒரு வெண்மையான வீக்கம், சுற்றிலும் மங்கல். பனிமூட்டத்தில் வண்டியின் ஹெட்லைட் தெரிகிற மாதிரி என்று கண் மருத்துவர்கள் அதைச் சொல்வார்கள். ஓரமாக இருக்கும் சின்னப் புண் சில வாரங்களில் தானாகவே ஆறக்கூடும். பார்வையின் மையத்துக்கோ பார்வை நரம்புக்கோ அருகில் இருந்தால் காத்திருக்கக் கூடாது. டிரைமெத்தோபிரிம் சல்ஃபாமெத்தாக்ஸசோல் என்ற பழைய, எளிதில் கிடைக்கும் மருந்து இங்கே நன்றாக உதவுகிறது. வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டும் தருவார்கள், ஆனால் கிருமிக்கான மருந்து இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் புண் கட்டுக்கடங்காமல் பரவி நிரந்தரமாகப் பார்வையைப் பறித்துவிடும். கண் சிவந்தால் முன்பு வாங்கிய, ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடிய சொட்டு மருந்தையே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒருமுறை வந்த கண்ணில் மீண்டும் வரும். பிரேசிலில் டிரைமெத்தோபிரிம் சல்ஃபாமெத்தாக்ஸசோலையே மூன்று நாளுக்கு ஒரு மாத்திரை என்று 20 மாதம் கொடுத்துப் பார்த்தபோது, மீண்டும் வந்தவர்கள் சுமார் 24 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தார்கள்.

எதிர்ப்புச் சக்தி குலைந்தவர்களிடம் ஆபத்து வேறு விதம். உறங்கிக்கொண்டிருந்த பழைய கிருமியே எழுந்துவிடும். எச்ஐவி உள்ளவரின் சிடி4 (எதிர்ப்புச் சக்தி தரும் ஒரு வகை வெள்ளணு) எண்ணிக்கை 100க்குக் கீழே போனால் மூளையில் கட்டிகள் வரலாம். தலைவலி, காய்ச்சல், குழப்பமான பேச்சு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வலிப்பு. ஸ்கேனில் வளையம் வளையமாகத் தெரியும். பெரும்பாலும் மூளையிலிருந்து சதை எடுத்துப் பார்க்காமலே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள், இரண்டு வாரத்தில் தேற்றம் தெரிந்தால் நோய் இதுதான் என்று உறுதி, தெரியாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். குறைந்தது ஆறு வாரம் முழு மருந்து, அதன் பிறகும் குறைந்த அளவில் தொடர்ச்சி. இவர்களுக்கு இது வராமலே தடுக்க முடியும் என்பதுதான் முக்கியம்: எச்ஐவி மருந்தை ஒழுங்காக எடுத்து, சிடி4 குறைவாக இருக்கும் வரை கண்ணுக்குச் சொன்ன அந்தப் பழைய சல்ஃபா கூட்டு மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் பெரும்பாலும் போதும். உறுப்பு மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொள்பவர்களுக்கும் முன்கூட்டியே பரிசோதித்து இதே பாதுகாப்பைத் தருகிறார்கள்.

எலிக்குத் தொற்றினால் பூனை வாசத்தின் மீதுள்ள பயம் போய்விடும் என்பதை ஆக்ஸ்ஃபோர்டில் 2000இல் காட்டினார்கள். அதை வைத்து மனிதர்களின் குணத்தையும் இந்தக் கிருமிதான் மாற்றுகிறது என்று நிறைய எழுதுகிறார்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் இந்தத் தொற்று சற்று அதிகமாகக் காணப்படுகிறது, அவ்வளவுதான் சொல்லலாம். தொற்று இருப்பதால் நோய் வந்தது என்று நிரூபணம் ஆகவில்லை.

தொற்று இதுவரை வராத கர்ப்பிணி செய்ய வேண்டியவை சமையலறையில்தான் அதிகம். இறைச்சியை உள்ளே வரை வேகவிட வேண்டும்: முழுத் துண்டுக்கு உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸ், இறக்கிய பிறகு மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும், கொத்திறைச்சிக்கு 71. வேகும்போதே ருசி பார்க்கக் கூடாது. உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் சில நாட்கள் வைத்தாலும் தசையில் இருக்கும் பைகள் பெரும்பாலும் செத்துவிடும், சாதாரணக் குளிர்பதனப் பெட்டியில் வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவதைத்தான் நிறைய வீடுகளில் கவனிப்பதில்லை, கத்தியையும் பலகையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த வேலை. காய் கனிகளை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், ஆட்டுப் பால் உட்பட எந்தப் பாலையும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம், தண்ணீர் மீது சந்தேகம் இருந்தால் கொதிக்க வையுங்கள். தோட்ட வேலைக்குக் கையுறை. பூனைத் தட்டை வீட்டில் வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும், ஆள் இல்லையென்றால் கையுறை போட்டுச் செய்துவிட்டுக் கை கழுவினால் போதும். கர்ப்பம் முடியும் வரை புதிதாகக் குட்டி எதையும் எடுத்து வளர்க்காதீர்கள். இருக்கிற பூனை வீட்டிலேயே இருக்கட்டும், அதற்குப் பச்சை இறைச்சி மட்டும் வேண்டாம்.

இன்று கையில் இருக்கும் எல்லா மருந்துகளும் வேகமாகப் பெருகும் கிருமியைத்தான் தாக்குகின்றன, பைக்குள் உறங்குவதை எதுவும் தொடுவதில்லை. அதனால்தான் கண்ணில் மீண்டும் மீண்டும் வருகிறது, அதனால்தான் சிகிச்சை முழுதாக முடித்தவருக்கும் ஐஜிஜி பாசிட்டிவாகவே இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு அதை நெகட்டிவ் ஆக்க மறுபடி மறுபடி மாத்திரை சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள், அது ஒருபோதும் நெகட்டிவ் ஆகாது, ஆக வேண்டிய தேவையும் இல்லை. ஆடுகளில் கருச்சிதைவைத் தடுக்க உயிருள்ள கிருமியையே பலவீனமாக்கிச் செய்த ஒரு தடுப்பூசி சில நாடுகளில் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. மனிதர்களுக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை.